ஆடாசிட்டி பிறந்த கதை

வீடியோவின் ஒலியைச் சரிசெய்ய இலவச மென்பொருள் ஏதாவது உண்டா என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஆடாசிட்டி. ஆனால் அதில் வீடியோவைக் காட்டும் ஜன்னலே கிடையாது. எம்பி4 கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் படத்தை உதறிவிட்டு ஒலியை மட்டும் நீல அலைகளாக விரித்து வைக்கும். பேசுகிறவரின் உதடு எப்போது அசைந்தது என்பது அதற்குத் தெரியாது. இருபத்தைந்து வருடங்களாகத் தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

இதைக் குறை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். எனக்கு இது பிறவிக் குணமாகத்தான் படுகிறது. ஆடாசிட்டி ஒலிப்பதிவுக் கூடத்துக்காகப் பிறந்ததல்ல, சினிமாவுக்காகவும் பிறந்ததல்ல. எதற்குப் பிறந்தது என்று தெரிந்தால், அதை நம்பி எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

1999ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் (சிஎம்யு) டொமினிக் மாஸோனி என்ற மாணவர் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ரோஜர் டானன்பெர்க். இவர் கணினிக்காரர் மட்டுமல்ல, டிரம்பெட் வாசிப்பவர். மேடையில் ஒருவர் வாசிக்கும்போது வேகம் கூடும், குறையும், நடுவில் ஒரு ஸ்வரம் தவறும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு கூடவே பக்கவாத்தியம் வாசிக்கக் கணினியைப் பழக்குவது எப்படி என்று 1984லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். இசையைக் கணினி ‘கேட்க’ வேண்டும் என்பதில் அவருக்கு 1999க்குள் பதினைந்து வருட அனுபவம் சேர்ந்திருந்தது.

குருவும் சீடரும் அந்தக் காலத்தில் ஈடுபட்டிருந்த ஆராய்ச்சிகளில் ஒன்று, ஒருவர் பாட்டை முணுமுணுத்தால் அது எந்தப் பாட்டு என்று கணினி கண்டுபிடிப்பது. அதற்கு முன்பு பலரும் போன வழி, முணுமுணுப்பை முதலில் தனித்தனி ஸ்வரங்களாகப் பிரித்து, பிறகு தேடுவது. இதில் ஒரு சிக்கல் உண்டு. யாரும் முணுமுணுக்கும்போது ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவுவதில்லை, இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிரிக்கிற இடத்திலேயே கணினி தடுமாறிவிடும். மாஸோனியும் டானன்பெர்க்கும் பிரிக்காமலே, சுருதி ஏறி இறங்கும் கோட்டை அப்படியே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2001இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

இப்படிப்பட்ட வேலையில் ஈடுபட்டவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை புரியும். கணினி ஓர் இடத்தில் சுருதியைத் தப்பாகக் கணித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்த இடம்? பாடியவர் மூச்சு வாங்கிய இடமா, பக்கத்தில் கதவு சாத்திய சத்தமா? ஆயிரக்கணக்கான எண்களின் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அலையையும் அதற்குக் கீழே கணினி கண்டுபிடித்த விடையையும் ஒரே திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, சந்தேகமான இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்தத் துண்டை மட்டும் ஓட்டிக் கேட்க வேண்டும். மாஸோனி அதற்கென்று எழுத ஆரம்பித்த நிரல்தான் பின்னாளில் ஆடாசிட்டி ஆனது. அப்போது அதற்கு வைத்த பெயர் ‘சிஎம்யு விஷுவல் ஆடியோ’.

இன்றைக்கும் ஆடாசிட்டியில் ஒலித் தடத்தை ஸ்பெக்ட்ரோகிராமாக மாற்றிப் பார்க்கலாம். ‘லேபிள் டிராக்’ என்ற தனித் தடத்தில் இந்த நொடியிலிருந்து அந்த நொடி வரை இன்னது என்று குறித்துக்கொண்டே போகலாம். பாட்டுப் பதிவு செய்ய வருகிறவர்களில் பலர் லேபிள் டிராக்கைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பேட்டியை எழுத்தாக்குகிறவர்களும், பறவைச் சத்தம் ஆராய்கிறவர்களும், சப்டைட்டிலுக்கு நேரம் குறிப்பவர்களும் அது இல்லாமல் வேலை செய்ய மாட்டார்கள். ஆராய்ச்சிக் கூடத்து வாசனை அது.

அன்று கடையில் ஒலித் திருத்த மென்பொருள் இல்லாமல் இல்லை. தொழில்முறைக் கூடங்களில் புரோ டூல்ஸ் கோலோச்சியது. விண்டோஸில் சவுண்ட் ஃபோர்ஜ் இருந்தது. சின்ட்ரிலியம் என்ற சிறு நிறுவனத்தின் கூல் எடிட் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து ஒலி வெட்டியவர்களின் செல்லம் அதுதான். 2003இல் அடோபி அதை ஒரு கோடியே 65 லட்சம் டாலருக்கு வாங்கி ஆடிஷன் என்று பெயர் மாற்றியது. எதற்கும் மூலநிரல் வெளியே கிடைக்காது. லினக்ஸ்காரர்களுக்கு இவை எதுவுமே ஓடாது.

இனி வருவது கொஞ்சம் தொழில்நுட்பம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலியை சிடி தரத்தில் சேமித்தால் சுமார் 635 எம்பி வரும். 1999இல் ஒரு சாதாரணக் கணினியின் நினைவகம் 64 எம்பி, வசதி இருந்தால் 128 எம்பி. முழு ஒலியையும் நினைவகத்தில் ஏற்ற முடியாது. ஹார்டு டிஸ்க்கில் வைத்துத்தான் வேலை செய்தாக வேண்டும். டிஸ்க்கில் ஒரே நீளக் கோப்பாக வைத்துவிட்டு ஆரம்பத்தில் ஒரு நொடியை வெட்டினால் என்ன ஆகும்? மிச்சமுள்ள ஐம்பத்தொன்பது நிமிடச் சொச்சத்தையும் ஒரு நொடி முன்னால் நகர்த்தி எழுத வேண்டும். ஒரு இருமலை நீக்குவதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். பிறகு ‘அன்டூ’ அழுத்தினால் மறுபடியும் அத்தனையையும் பின்னால் தள்ள வேண்டும்.

மாஸோனியும் டானன்பெர்க்கும் ஒலியைச் சுமார் ஒரு எம்பி அளவுள்ள துண்டுகளாக நறுக்கித் தனித்தனிக் கோப்புகளாக வைத்தார்கள். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற வரிசை மட்டும் ஒரு பட்டியலில் இருக்கும். தைத்துக் கட்டிய புத்தகத்துக்குப் பதில் ஏட்டுச்சுவடி என்று வைத்துக்கொள்ளலாம்: கயிற்றை அவிழ்த்து நடுவில் ஓர் ஓலையை உருவிவிட்டுக் கட்டினால் வேலை முடிந்தது, மற்ற ஓலைகளில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. வெட்டுமிடம் ஒரு துண்டின் நடுவில் விழுந்தால் அந்தத் துண்டையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் திருப்பி எழுதினால் போதும். துண்டு ரொம்பப் பொடியாகவும் விடாமல், ரொம்பப் பெரிதாகவும் விடாமல், ஓர் அளவுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே எப்போதும் வைத்துக்கொள்வது அவர்கள் வகுத்த விதி.

இதிலிருந்து அன்டூ கிட்டத்தட்ட சும்மா கிடைத்தது. பழைய துண்டுகளை அழிக்காமல் பழைய பட்டியலையும் வைத்துக்கொண்டால், எத்தனை படி வேண்டுமானாலும் பின்னால் போகலாம். பட்டியலை மாற்றினால் ஆயிற்று. ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினாலும் ஒலி இரட்டிப்பாவதில்லை. இரண்டு இடமும் அதே துண்டைச் சுட்டும்.

அடுத்த பிரச்சினை, திரையில் வரைவது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு மணி நேரத்தில், ஒரு சானலுக்கு மட்டும், 15 கோடியே 87 லட்சத்துச் சொச்சம். திரையின் அகலமோ ஆயிரம் புள்ளிதான். ஒரு புள்ளியை வரைய ஒன்றரை லட்சம் எண்களைப் படிக்க வேண்டுமானால், ஜூமை ஒருமுறை நகர்த்தவே நிமிடக்கணக்கில் ஆகும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் ஒலியோடு சேர்த்து ஒரு சுருக்கத்தையும் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு 256 மாதிரிக்கும், ஒவ்வொரு 65,536 மாதிரிக்கும் உச்சம், அடி, சராசரி வலு ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுக் குறித்துவிடுவது. தூரத்திலிருந்து பார்க்கும்போது பெரிய சுருக்கம், நெருங்கினால் சின்னச் சுருக்கம், இன்னும் நெருங்கினால் அசல் ஒலி. இதையும் 2001இல் கட்டுரையாக்கினார்கள். அடுத்த ஆண்டு ‘கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல்’ அதை வெளியிட்டது.

எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் மூன்று மணி நேரக் கருத்தரங்கப் பதிவை ஆடாசிட்டியில் போட்டு, நடுவில் வந்த மைக் தட்டல்களை வெட்டிக்கொண்டு போகும்போது அது திணறாமல் ஈடுகொடுக்கிறதே, அதற்குக் காரணம் இந்த ஓலைக்கட்டுதான்.

2000ஆம் ஆண்டு மே 28 அன்று ஆடாசிட்டி 0.8 என்ற எண்ணோடு அது பொதுவெளிக்கு வந்தது. சிஎம்யு பெயர் போய்விட்டது. ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரலோடு கொடுத்தார்கள். யாரும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளம் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். மூலநிரலைச் சும்மா வைக்க இடம், பிழைகளைப் பதிய இடம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் சேர வசதி, எல்லாம் அங்கே கிடைத்தது. நிரலை ஆரம்பத்திலிருந்தே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடக்கூடிய டபிள்யூஎக்ஸ் என்ற பொது நூலகத்தின்மேல் கட்டியதும் நல்லதாகப் போயிற்று. மூன்று ஊர்க்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். 2002இல் 1.0, 2004இல் 1.2, பிறகு வருடக்கணக்கில் இழுத்த 1.3 சோதனைப் பதிப்புகள், 2012இல் 2.0. மாஸோனி படிப்பு முடித்து நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்கும் பின்னர் கூகுளுக்கும் வேலைக்குப் போனார். குழந்தை தன்னார்வலர்கள் கையில் வளர்ந்தது.

டானன்பெர்க் பங்காகக் கொண்டுவந்த சொத்து ஒன்று உள்ளே இருப்பது பலருக்குத் தெரியாது. நைக்விஸ்ட் என்று அவர் உருவாக்கிய ஒலி மொழி. லிஸ்ப் வகையைச் சேர்ந்தது, அடைப்புக்குறிகள் நிறைந்தது. ஆடாசிட்டியின் மெனுவில் நைக்விஸ்ட் ப்ராம்ப்ட் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து நாலு வரி எழுதினால் புது எஃபெக்ட் தயார். ஆடாசிட்டியோடு வரும் எஃபெக்டுகளில் பலவும் இந்த மொழியில் எழுதிய சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். நோட்பேடில் திறந்து படித்துப் பார்க்கலாம். சி++ தெரியாத ஒலிக்காரர்களும் இதன் வழியாக உள்ளே வர முடிந்தது.

வளர்ந்த பிள்ளைக்கு முதலில் வந்த கண்டம் எம்பி3. 2000களின் தொடக்கத்தில் உலகமே எம்பி3 கேட்டது. ஆனால் எம்பி3யாகச் சுருக்கும் வழிமுறைகள் ஃபிரான்ஹோஃபர், தாம்சன் ஆகியோரின் காப்புரிமையில் இருந்தன. இலவச மென்பொருள் உரிமத்தொகை எங்கே போய்க் கட்டும்? சுற்றுவழி ஒன்று இருந்தது. லேம் என்ற எம்பி3 சுருக்கி 1998இல் மைக் செங் என்பவர் தொடங்கியது. ஐஎஸ்ஓ வெளியிட்ட மாதிரி நிரலுக்கு அவர் எழுதிய திருத்தங்களாகவே ஆரம்பித்தது. ஆடாசிட்டி அதைத் தன்னோடு சேர்த்துக் கொடுக்காமல், நீங்களே தனியாக இறக்கி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று காட்டுங்கள் என்று கேட்டது. முதல்முறை எம்பி3 எக்ஸ்போர்ட் அழுத்தியவர் அத்தனை பேருக்கும் அந்தக் கேள்விப் பெட்டி வந்தது. லேம் கிடைக்குமென்று நம்பிச் சந்தேகத்துக்குரிய தளங்களில் போய் வைரஸை இறக்கிக்கொண்டவர்களும் உண்டு. 2017இல் காப்புரிமைகள் காலாவதியான பிறகுதான் விடிவு வந்தது; 2019இல் லேமை ஆடாசிட்டி தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

வீடியோக்காரர்களுக்கு அதே கண்டம் இன்னும் தீரவில்லை. போனிலும் கேமராவிலும் எடுக்கும் எம்பி4க்குள் இருக்கும் ஒலி பெரும்பாலும் ஏஏசி வகை. அதைத் திறக்க ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் நூலகம் வேண்டும்; விண்டோஸில் அதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும். எம்பி4 திறக்கவில்லை என்று யாராவது புலம்பினால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் இதுதான்.

இரண்டாவது கண்டம் நான் மேலே புகழ்ந்த அதே ஓலைக்கட்டிலிருந்து வந்தது. ஒரு புராஜெக்டைச் சேமித்தால் ‘.ஏயுபி’ என்ற சின்னக் கோப்பு ஒன்றும், பக்கத்தில் ‘டேட்டா’ என்று முடியும் ஒரு ஃபோல்டரும் உருவாகும். சின்னக் கோப்பில் இருப்பது பட்டியல் மட்டும். ஒலித் துண்டுகள் முழுக்க ஃபோல்டரில், நூற்றுக்கணக்கான கோப்புகளாக. இது தெரியாதவர் என்ன செய்வார்? புராஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போவார். அங்கே திறந்தால் அலை எதுவும் இருக்காது, வெறும் மௌனம் நீண்டு கிடக்கும். இடத்தை அடைக்கிறதே என்று அந்த ஃபோல்டரை அழித்தவர்கள் கதை இன்னும் மோசம். திறமையான வடிவமைப்புதான்; ஆனால் அதன் உள்வேலை வெளியே தெரியும்படி கிடந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு பேருக்கு இது பிரச்சினையே அல்ல. உலகம் முழுக்கப் பரவியபோது பலருடைய உழைப்பை இது விழுங்கியது.

2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் இது மாறியது. துண்டுகள் அப்படியே இருக்கின்றன, எல்லாம் ‘.ஏயுபி3’ என்ற ஒரே கோப்புக்குள், எஸ்க்யூலைட் தரவுத்தளமாக. எஸ்க்யூலைட்டும் ஆடாசிட்டியும் ஒரே ஆண்டில், 2000இல், வெளிவந்தவை. சேர்ந்துகொள்ள இருபது வருடம் எடுத்துக்கொண்டன.

இனி வீடியோ ஒலிக்கு வருவோம். தொடங்கும்போதே புராஜெக்டின் மாதிரி வீதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிடிக்கு நொடிக்கு 44,100, வீடியோவுக்கு 48,000. ஏன் இரண்டு? வேடிக்கை என்னவென்றால், 44,100 என்ற எண்ணே வீடியோவிலிருந்து வந்ததுதான். 1970களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கப் போதுமான இடம் வீடியோ டேப்பில்தான் இருந்தது. தொலைக்காட்சிப் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று மாதிரிகளைப் பதித்தார்கள். நொடிக்கு 60 புலம், புலத்துக்குப் பயன்படும் கோடு 245, கோட்டுக்கு 3: பெருக்கினால் 44,100. ஐரோப்பியக் கணக்கில் 50, 294, 3 என்றாலும் அதே விடை. பாட்டு சிடிக்கு அந்த எண் ஒட்டிக்கொண்டது. சினிமாவுக்கு அது பொருந்தாது. 24 ஃபிரேமால் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 1837.5 மாதிரி என்று அரை வந்து நிற்கும். 48,000ஐ 24ஆல் வகுத்தால் 2000, 25ஆல் 1920, 30ஆல் 1600. எல்லாம் முழு எண்.

ஆடாசிட்டி பாட்டுக்காரர்களை மனத்தில் வைத்து வெகுகாலம் 44,100ஐயே இயல்பாகக் கொடுத்துவந்தது. வீடியோவுக்கு வேலை செய்கிறவர் முதலில் அதை 48,000க்கு மாற்றிவிட வேண்டும். இதனால் மட்டும் உதடு விலகிவிடாது, மென்பொருள் சரியாக மாற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் தேவையில்லாமல் இரண்டு முறை மாற்றி எழுத எதற்கு இடம் கொடுக்க வேண்டும்?

லிப் சிங்க் விலகுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. கேமராவில் படமும் தனி ரெக்கார்டரில் ஒலியும் எடுத்தால், இரண்டுக்கும் உள்ளே இருக்கும் கடிகாரம் வேறு வேறு. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும், 25 ஃபிரேம் வீதத்தில் நாலரை ஃபிரேம். பார்ப்பவர் என்னவென்று சொல்லத் தெரியாமலே நெளிய ஆரம்பிப்பார். ஆரம்பத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு எடுத்து வைத்திருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தை அளந்து, வேகத்தை மாற்றும் எஃபெக்டால் ஆடாசிட்டியிலேயே சரிசெய்துவிடலாம்.

இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. ஆடாசிட்டியில் ஓர் இடத்தைத் தேர்ந்து டெலீட் அழுத்தினால், பின்னால் இருப்பது முழுவதும் முன்னால் நகர்ந்து வந்து இடைவெளியை மூடிவிடும். பாட்காஸ்டுக்கு அதுதான் வேண்டும். வீடியோவுக்கு அது கொலை. அந்த இடத்திலிருந்து கடைசி வரை ஒலி எல்லாம் படத்துக்கு முந்திக்கொள்ளும். வெட்டாமல் கன்ட்ரோல்-எல் அழுத்தினால் அந்த இடம் மட்டும் மௌனமாகும், நீளம் மாறாது. மௌனங்களைத் தானே கண்டுபிடித்துச் சுருக்கும் ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ பக்கம் வீடியோக்காரர் தலைவைத்தே படுக்கக் கூடாது.

அப்படியானால் எதற்காக அத்தனை பேரும் வீடியோ ஒலியை இதில் கொண்டுவந்து போடுகிறார்கள்? பெரும்பாலும் ஃபேன் சத்தத்துக்காக. நாய்ஸ் குறைப்பு ஆடாசிட்டியில் தொடக்க காலத்திலேயே மாஸோனி எழுதிச் சேர்த்தது, 2015இல் 2.1 பதிப்பில் பால் லிகமெலி அதைப் புதுப்பித்தார். யாரும் பேசாத இரண்டு நொடியை முதலில் காட்ட வேண்டும். மென்பொருள் அதை ஆயிரத்துக்கு மேற்பட்ட அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளும். பிறகு முழு ஒலியையும் அதே பட்டைகளில் அளந்து, குறித்த உயரத்தைத் தாண்டாத பட்டைகளை மட்டும் அமுக்கிவிடும். அலையைப் பார்த்து அளக்கும் ஆராய்ச்சிக்காரரின் புத்தி இதில் அப்படியே தெரிகிறது. ஃபேன், ஏசி, டியூப்லைட் ரீங்காரம் போன்ற ஒரே சீரான சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும். தெருவில் போகும் ஹாரனுக்கும் பின்னால் அழும் குழந்தைக்கும் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அவை காட்டிய மாதிரியில் இல்லை. 12 டெசிபல் குறைத்தாலே பெரும்பாலும் போதும். ஆசைப்பட்டு 30 வைத்தால், பேசுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குமிழிச் சத்தம் எழும். கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருக்கட்டும் என்று விட்டுவிடுகிறவரே நல்ல எடிட்டர் என்பது என் கட்சி.

இவ்வளவு வல்லமையோடு, சமீபகாலம் வரை ஆடாசிட்டிக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது. எஃபெக்ட் போட்டால் அது ஒலியிலேயே எழுதப்பட்டுவிடும். முதலில் ஈக்வலைசர், அடுத்து கம்ப்ரெஸர், அதன்மேல் எக்கோ என்று போட்ட பிறகு, முதலில் போட்ட ஈக்வலைசரைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று தோன்றினால் வரிசையாக எல்லாவற்றையும் அன்டூ செய்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அலையைப் பார்க்கவும் நறுக்கவும் பிறந்த கருவிக்கு இது இயற்கை. பத்துத் தடங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே வசனத்தையும் பின்னணி இசையையும் ஏற்றி இறக்கும் மிக்ஸிங் வேலைக்கு இது பெரிய இடைஞ்சல்.

அந்த வேலைக்கென்றே பிறந்த இலவசக் கருவி வேறு. ஆடாசிட்டி கருவான அதே காலத்தில், அமேசானின் முதல் நிரலாளர்களில் ஒருவராக இருந்து விலகிய பால் டேவிஸ், லினக்ஸில் பல தடப் பதிவுக்கென்று ஆர்டர் என்ற மென்பொருளை எழுத ஆரம்பித்தார். அதில் எந்த எஃபெக்டும் அசல் ஒலியைத் தொடாது. ஓடும்போதே கணக்கிட்டுக் கேட்கவைக்கும். பின்னாளில் வீடியோ டைம்லைனும் சேர்ந்தது. மூலநிரல் இலவசம், தயாராகக் கட்டிய பதிப்பு வேண்டுமானால் ஒரு சிறு தொகை கேட்பார்கள். பழகுவதற்குப் பொறுமை வேண்டும். மூன்றாவது வழி டாவின்சி ரிசால்வின் ஃபேர்லைட் பக்கம். ஃபேர்லைட் என்பது 1979இல் சாம்ப்ளிங் சிந்தசைசர் கொண்டுவந்து உலகத்தைக் கலக்கிய சிட்னி நிறுவனம். 2016இல் பிளாக்மேஜிக் அதை வாங்கி, அடுத்த ஆண்டே தன் வீடியோ எடிட்டருக்குள் வைத்து, காசில்லாத பதிப்பிலும் கொடுத்தது. படமும் ஒலியும் ஒரே இடத்தில். ஆனால் மூலநிரல் மூடியது. கொஞ்சம் கனமான கணினியும் வேண்டும்.

2021 ஏப்ரல் இறுதியில் ஆடாசிட்டி கைமாறியது. மியூஸ்ஸ்கோர், அல்டிமேட் கிடார் ஆகியவற்றை வைத்திருக்கும் மியூஸ் குரூப் அதை வாங்கியது. சில நாட்களிலேயே, பயன்படுத்துகிறவர்களைப் பற்றிய தகவலைக் கூகுள், யாண்டெக்ஸ் சேவைகள் வழியே சேகரிக்கும் திட்டம் ஒன்று வெளிவந்தது. இருபது வருடமாக இதைச் சொந்தச் சொத்தாக நினைத்தவர்கள் கொதித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஜூலையில் புதிய தனியுரிமைக் கொள்கை வந்தபோது, அதன் வாசகங்களைப் பார்த்து ‘உளவு மென்பொருள்’ என்றே தலைப்புகள் வந்தன. நிறுவனம் வருத்தம் தெரிவித்துத் திருத்தி எழுதியது. அதற்குள் டெனாசிட்டி முதலான கிளைகளை ஆட்கள் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஜிபிஎல் உரிமத்தில் இது சாத்தியம். கோபம் வந்தால் வீட்டை விட்டுப் போகிறவர் வீட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு போகலாம். நேர்மையாகச் சொன்னால், கோபத்தில் பாதி நியாயம், பாதி பதற்றம். கைமாறிய பிறகுதான் பத்து வருடமாகக் கிடப்பில் இருந்த பல வேலைகள் நடந்தன என்பதையும் மறுக்க முடியாது. முழுநேர நிரலாளர்கள் வந்தார்கள். 2021 இறுதியில் 3.1இல் கிளிப்புகளை ஓரத்தில் பிடித்து இழுத்து, அசலை இழக்காமல் குறைக்கவும் நீட்டவும் முடிந்தது. 2022இல் 3.2 வந்தபோது எஃபெக்டுகள் ஓடும்போதே மாறின. ஈக்வலைசருக்காக எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிய காலம் முடிந்தது.

வீடியோ ஜன்னல் மட்டும் வரவில்லை. ஆகவே இதைத் தேர்ந்தெடுப்பவர் செய்வது இதுதான்: கேடென்லைவ், ஷாட்கட் அல்லது கையில் இருக்கும் எந்த எடிட்டரிலாவது படத்தை முதலில் வெட்டி முடிக்க வேண்டும், வெட்டு இனி மாறாது என்ற நிலை வந்த பிறகு ஒலியை 48,000 வீதத்தில் வேவ் கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைத்து, மூச்சையும் இருமலையும் நீளம் மாறாமல் மௌனமாக்கி, ஒலியளவைச் சமப்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கம் 2010இல் வகுத்த மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் என்ற அளவையே ஆடாசிட்டி இயல்பாகக் காட்டும். தொலைக்காட்சிக்கு அது சரி, யூடியூபுக்கென்றால் மைனஸ் 14ஐ ஒட்டி வைக்கிறார்கள். பிறகு அதே நீளத்தில் எக்ஸ்போர்ட் செய்து, எடிட்டரில் பழைய ஒலித் தடத்துக்குக் கீழே வைத்து, இரண்டையும் ஒரு நிமிடம் சேர்த்து ஓட்டிப் பார்த்து, எதிரொலி எழவில்லை என்றால் பழையதை மியூட் செய்துவிடலாம்.